போர்க் கழிவிலிருந்து பிறந்த சூப்பர் கார்: ஃபெருச்சோ லம்போர்கினியின் வாழ்க்கை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிறிய கராஜ் ஒன்று இருக்கிறது. ஓட்டோக்களும் பழைய ஜப்பான் கார்களும்தான் அங்கே திருத்தத்துக்கு வரும். நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு ஞாயிறு மாலை. யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்காக ஆட்கள் பொதிகளோடு வீதியோரம் சேரத் தொடங்கிய நேரம். தரையோடு ஒட்டிய மஞ்சள் கார் ஒன்று காதை அடைக்கும் உறுமலோடு வந்தது. நெரிசலில் அதன் வேகமும் பக்கத்தில் போன ஓட்டோவின் வேகமும் ஒன்றுதான். ஆனாலும் பொடியன்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் அதைச் சூப்பர் கார் என்றான். இன்னொருவன் ஸ்போர்ட்ஸ் கார் என்றான். மூன்றாமவன் எக்ஸோடிக் கார் என்று சாதித்தான். கராஜ்கார ஐயா கையைத் துடைத்துக்கொண்டே, இந்தப் பெயர்களுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை எல்லாம் காசுக்காரர் வைத்த பெயர்தானா என்று என்னிடம் கேட்டார்.

வித்தியாசம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள நல்ல வழி, அந்த மஞ்சள் காரின் மூக்கில் ஒட்டியிருந்த பெயருக்குரிய மனிதரின் கதையைப் பார்ப்பது. அவர் ஒரு கமக்காரரின் மகன். போர்க் கைதியாக இருந்து வீடு திரும்பியவர். இராணுவம் விட்டுப்போன பழைய இரும்பிலிருந்து உழவு இயந்திரம் செய்து விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர்.

ஃபெருச்சோ லம்போர்கினி 1916 ஏப்ரல் 28ஆம் திகதி இத்தாலியின் வடபகுதியில், செண்டோ நகரத்துக்கு அருகே உள்ள ரெனாட்சோ என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்தோனியோ, தாய் எவலீனா. திராட்சை பயிரிடும் குடும்பம். மகனுக்கோ மண்ணைவிட மண்ணை உழும் இயந்திரங்களில்தான் கண். தோட்டத்து வேலையிலிருந்து நழுவிப் பட்டறையில் போய் நிற்கும் பிள்ளைகளை நமக்கும் தெரியும். தொழில்நுட்பப் பாடசாலையில் இயந்திரவியல் படித்தார்.

1940இல் முசோலினியின் இத்தாலி போரில் இறங்கியது. லம்போர்கினி விமானப் படைக்கு எடுக்கப்பட்டு, அப்போது இத்தாலியின் கையில் இருந்த ரோட்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். வேலை வாகனப் பராமரிப்பு. தீவு என்பதால் உதிரிப்பாகம் வருவது கப்பலை நம்பித்தான் இருந்தது. கப்பல் வராவிட்டால் இருக்கிற லொறி ஒன்றைக் கழற்றித்தான் இன்னொன்றை ஓட வைக்க வேண்டும். உடைந்த மூன்றிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்கும் வித்தையை அவர் அங்கேதான் பழகினார். 1943இல் இத்தாலி சரணடைந்ததும் தீவை ஜேர்மனியர் பிடித்தார்கள். 1945இல் பிரித்தானியர் வந்தார்கள். லம்போர்கினி பிரித்தானியரின் போர்க் கைதியானார். அங்கும் வாகனங்களைத் திருத்தும் வேலைதான். 1946இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்.

திரும்பியவருக்கு முதலில் வந்தது துயரம். மனைவி கிளேலியா 1947இல் முதல் பிள்ளையைப் பெற்றபோது இறந்துபோனார். பிள்ளை பிழைத்தான். பிற்காலத்தில் தந்தையின் பெயரைக் காப்பாற்றிய தோனினோ அவர்தான்.

ஊரில் வயல் இருந்தது, உழுவதற்கு எதுவும் இல்லை. மாடுகள் போரோடு போய்விட்டன. புதிய உழவு இயந்திரம் வாங்கக் கமக்காரரிடம் பணம் இல்லை. ஆனால் நாடு முழுவதும் போர்க் கழிவு குவிந்து கிடந்தது. நேச நாட்டுப் படைகளும் ஜேர்மனியரும் விட்டுப்போன லொறிகள், கவச வாகனங்கள், எஞ்சின்கள். அவற்றை விற்பதற்கென்றே இத்தாலிய அரசு 1945இல் ஒரு நிறுவனத்தை அமைத்தது. சாதாரண ஆட்களும் போய் வாங்கலாம். லம்போர்கினி வாங்கினார். பிரித்தானிய மொரிஸ் லொறியின் ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, வேறு இராணுவ வாகனங்களின் கியர் பெட்டியையும் அச்சுகளையும் பொருத்தி, 1948இல் ஓர் உழவு இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குப் பெயர் கரியோக்கா.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மொரிஸ் எஞ்சின் பெற்றோலில் ஓடுவது. அன்றைய இத்தாலியில் பெற்றோல் விலை கமக்காரருக்கு எட்டாது. டீசல் மலிவு. ஆனால் டீசலும் மண்ணெண்ணெயும் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயைத் தீப்பொறி பற்ற வைக்காது. லம்போர்கினி ஓர் ஆவியாக்கும் கருவியைச் செய்து பொருத்தினார். கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் சூடானதும் டீசலுக்கு மாற்ற வேண்டும். அந்தச் சூட்டிலேயே டீசல் ஆவியாகி எரியும்.

இந்த இடத்தில் கராஜ்கார ஐயா சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, எரிபொருள் தடை வந்த பிறகு, குடாநாட்டில் பெற்றோல் மருந்து போல ஆனது. மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் தேயாமலிருக்கச் சமையல் எண்ணெயும் கலப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் கார்கள் அந்தப் புகையோடும் மணத்தோடும்தான் ஓடின. பின்னர் வன்னியிலும் அதே வித்தை. லம்போர்கினி யாரென்று தெரியாமலே, அவர் 1948இல் செய்ததை அதே மொரிஸ் பெயர் தாங்கிய வண்டிகளில் நம்மவர்கள் நாற்பது வருடங்களுக்குப் பிறகு செய்தார்கள்.

ஆகவே கைத்திறன் அங்கே கூடுதல், இங்கே குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. போருக்குப் பிறகு அந்தக் கைத்திறனுக்குக் கிடைத்ததுதான் வேறு. இத்தாலிய அரசு போர் இரும்பைத் தன் மக்களுக்கே விற்றது. 1952இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, உள்நாட்டில் செய்த விவசாய இயந்திரங்களை வாங்கும் கமக்காரருக்குச் சலுகைக் கடன் கொடுத்தது. அந்தக் கடனால் வளர்ந்தவர்களில் லம்போர்கினியும் ஒருவர். 2009இல் முள்ளிவாய்க்காலிலும் மாத்தளனிலும் கைவிடப்பட்ட உழவு இயந்திரங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள் என்ன ஆயின என்று இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அவை எந்த இராணுவத்தின் கழிவும் இல்லை, சனங்களின் சொத்து. துருப்பிடித்த குவியலுக்குள் தங்களுடைய வண்டியைத் தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய இரும்பு ஏற்றிய லொறிகள் தெற்கே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இருக்கிறார்கள்.

லம்போர்கினியிடம் திரும்புவோம். உழவு இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த அதே 1948இல் அவருக்கு வேகப் பைத்தியமும் பிடித்தது. ஃபியட் டொபோலினோ என்ற சின்னக் காரின் எஞ்சினை 750 சிசிக்குப் பெருப்பித்து, உடலைக் கழற்றி எறிந்து இரண்டு பேர் இருக்கும் திறந்த வண்டியாக்கி, இத்தாலியின் பொதுவீதிகளில் நடக்கும் ஆயிரம் மைல் பந்தயத்தில் இறங்கினார். சுமார் 1,100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, வீதியோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போனதோடு அவருடைய பந்தயம் முடிந்தது. அதற்குப் பிறகு பந்தயத்தை அவர் விரும்பவேயில்லை. இந்த வெறுப்பை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய டொபோலினோதான் ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு மிக எளிய உதாரணம். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய எஞ்சின் தேவையில்லை. பாரம் குறைய வேண்டும், உயரம் குறைய வேண்டும், வளைவில் சாரதி சொன்னபடி திரும்ப வேண்டும். இரண்டு ஆசனம் போதும். ஒரு காலத்தில் கொழும்பு வசதிக்காரர் வைத்திருந்த எம்ஜி, ட்ரையம்ப் கார்கள் இந்த வகை. 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5உம் இதே சாதிதான். விலையும் கைக்கு எட்டக்கூடியது. வேகத்தை அளந்தால் இன்றைய நல்ல குடும்பக் கார் ஒன்று இவற்றில் பலவற்றை முந்திவிடும். அதனால் இவை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று ஆகிவிடாது.

ஐம்பதுகளின் முடிவில் லம்போர்கினி பெரிய பணக்காரர். உழவு இயந்திரத் தொழிற்சாலையோடு வீடுகளைச் சூடாக்கும் கருவிகள், குளிரூட்டிகள் செய்யும் தொழிற்சாலையும் சேர்ந்தது. பணம் வந்ததும் கார் வாங்கினார். நல்லது எல்லாவற்றையும் வாங்கினார். 1958 முதல் ஃபெராரிகளும் வந்தன. அவற்றில் கிளச் அடிக்கடி பழுதாகியது. திருத்த அனுப்பினால் மறைத்து வைத்துச் செய்தார்கள், திரும்பி வந்தால் மறுபடியும் பழுது. கடைசியில் தன் பட்டறையிலேயே கழற்றிப் பார்த்தபோது, தன்னுடைய உழவு இயந்திரத்தில் பூட்டும் அதே வகைக் கிளச் அதில் இருந்ததாம். என்ஸோ ஃபெராரியிடமே போய் முறையிட்டார் என்றும், உழவு இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற பாணியில் ஃபெராரி அவரைத் திருப்பி அனுப்பினார் என்றும் கதை. லம்போர்கினி பிற்காலத்தில் இதைப் பலமுறை, பலவிதமாகச் சொன்னார். எவ்வளவு உப்புப் புளி சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். என் கணிப்பு, அவமானத்தைவிடக் கணக்குதான் அவரை அதிகம் உசுப்பியிருக்கும். தான் சில்லறைக்கு வாங்கும் பாகத்தைக் காருக்குள் வைத்தால் எத்தனை மடங்கு விலைக்கு விற்கலாம் என்பதை ஒரு வியாபாரி கண்டுகொண்ட கணம் அது.

1963இல் மொடேனாவுக்கும் பொலோஞாவுக்கும் இடையே சந்த் அகாத்தா என்ற ஊரில் கார்த் தொழிற்சாலையைத் திறந்தார். அவர் மேற்கத்தேய ராசிப்படி ரிஷபம், சின்னமும் காளைதான். எஞ்சினை வடிவமைக்க, முன்பு ஃபெராரியில் வேலை செய்த ஜியோத்தோ பிட்சாரினியைப் பிடித்தார். பிட்சாரினி 3.5 லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைச் செய்து கொடுத்தார். பந்தயக் காருக்கு ஏற்ற முரட்டு எஞ்சின் அது. லம்போர்கினி அதை அடக்கச் சொன்னார். அவருக்கு வேண்டியது மனைவியோடு நெடுந்தூரம் போகக்கூடிய, சத்தம் குறைந்த, சொகுசான, பழுதாகாத வேகக் கார். இதை கிரான்ட் டூரர் என்பார்கள். ஃபெராரி பந்தயத்துக்குப் பணம் சேர்க்கத்தான் வீதிக் கார் விற்றார். லம்போர்கினிக்குப் பந்தயமே வேண்டாம்.

1963ஆம் ஆண்டு ரூரின் கண்காட்சியில் முதல் காரைக் காட்டும் நாள் நெருங்கியபோது எஞ்சின் முன்மூடிக்குள் கொள்ளவில்லை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பாரத்துக்காக ஓடுகளை அடுக்கி, மூடியைப் பூட்டிவிட்டுக் காரைக் காட்சிக்கு வைத்தார்கள். கேட்டவர்களுக்கு எல்லாம் சாக்குப்போக்கு. அடுத்த வருடம் திருத்தி விற்பனைக்கு வந்தது 350 ஜிடி. சுமார் 120 கார்கள்தான் செய்யப்பட்டன.

இதுவே எக்ஸோடிக். மிகக் குறைந்த எண்ணிக்கை, கைவேலை, கண்ணில் படுவதே அபூர்வம், விலை எட்டாத உயரம். ஆனால் இந்தச் சொல் இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த அபூர்வக் கார்களுக்கு வைத்த பெயர் அது. கொழும்பில் யாராவது அமெரிக்க மஸ்டாங் ஒன்றை இறக்கினால் அதுவும் நமக்கு எக்ஸோடிக்தான். அங்கே அது பக்கத்து வீட்டுக்காரரின் கார். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்த நாட்டில், புதிய அல்டோகூட எக்ஸோடிக் ஆகத்தான் தெரிந்தது.

மசில் கார் கதை வேறு. லம்போர்கினி 350 ஜிடி வந்த அதே 1964இல் அமெரிக்காவில் பொன்டியாக் நிறுவனம் ஜிடிஓ என்ற காரை இறக்கியது. பெயரே ஃபெராரியிடமிருந்து எடுத்தது. ஆனால் உள்ளே இருந்தது சாதாரண நடுத்தரக் குடும்பக் காரின் உடல். அதற்குள் பெரிய காருக்குரிய 6.4 லீற்றர் வி8 எஞ்சினை வைத்துவிட்டார்கள், 325 குதிரைவலு. சுமார் 3,000 டொலருக்குக் கிடைத்தது. நேர்வீதியில் பறக்கும், வளைவு வந்தால் தடுமாறும், பெற்றோலைக் குடிக்கும். தொழிற்சாலை வேலைக்காரப் பொடியனும் தவணையில் வாங்கலாம். மசில் காரின் உயிர் அந்த விலையில்தான் இருக்கிறது. சந்தி விளக்கு பச்சையானதும் யார் முன்னால் என்பதுதான் அதன் விளையாட்டு. பந்தயத் திடலை அது எதிர்பார்க்கவில்லை.

இனி, சூப்பர் கார். இந்தச் சொல் பழையது. ஆனால் இன்று நாம் எந்த அர்த்தத்தில் பாவிக்கிறோமோ அந்த அர்த்தம் லம்போர்கினியின் தொழிற்சாலையில்தான் உருவானது. அதில் வேடிக்கை, முதலாளி அதைக் கேட்கவேயில்லை.

அவரிடம் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். ஜியான் பவுலோ டல்லாரா, பவுலோ ஸ்தன்சானி என்ற இரு பொறியியலாளர்கள், நியூசிலாந்திலிருந்து வந்த பரீட்சார்த்த ஓட்டுநர் பொப் வோலஸ். மூவருக்கும் முப்பது வயதாகவில்லை. முதலாளி பந்தயத்துக்கு விடமாட்டார் என்று தெரிந்தும், பந்தயக் காரின் அமைப்பைக் கொண்ட வீதிக் கார் ஒன்றை வேலை நேரம் முடிந்த பிறகு இருந்து வரைந்தார்கள். பந்தயக் காரில் எஞ்சின் சாரதிக்குப் பின்னால், சில்லுகளுக்கு நடுவே இருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு சட்டென்று திரும்பலாம், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்ப முடியாது. பாரம் நடுவில் இருந்தால் கார் திரும்புவதும் அப்படித்தான். ஆனால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. அதை ஆசனத்துக்குப் பின்னால் நெடுக்காக வைத்தால் கார் பஸ் போல நீண்டுவிடும்.

விடை ஒரு மிகச் சின்ன, மிக மலிவான காரில் இருந்தது. 1959இல் பிரித்தானியாவில் வந்த மினி. அதில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர் பெட்டியை எஞ்சினோடு ஒட்டி, இரண்டுக்கும் ஒரே ஒயில் என்று வைத்திருந்தார்கள். டல்லாரா குழுவினர் 848 சிசி மினியின் அந்த யோசனையை எடுத்து 3,929 சிசி எஞ்சினுக்குப் பொருத்தினார்கள்.

மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய மொரிஸ் மைனரை வடிவமைத்ததும் அவர்தான். அது வெளிவந்ததும் லம்போர்கினி உழவு இயந்திரத்தைத் தொடங்கிய அதே 1948இல். இசிகோனிஸ் பிறந்தது இன்று துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னா நகரத்தில். 1922இல் அந்த நகரம் போரில் எரிந்தபோது, பதினைந்து வயதில், பெற்றோரோடு பிரித்தானியக் கப்பலில் மால்டாவுக்குத் தப்பியவர். தந்தை வழியில் இறந்துபோக, தாயும் மகனுமாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அகதிகள். உலகத்துப் பணக்காரர்களின் காருக்குள் ஓர் அகதியின் யோசனை ஒளிந்திருக்கிறது என்று சொன்னால், வெள்ளவத்தையிலோ ஸ்கார்பரோவிலோ இருப்பவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இராது.

இளைஞர்கள் வரைபடத்தைக் காட்டியபோது லம்போர்கினி, விளம்பரத்துக்காவது உதவட்டும் என்று அனுமதித்தார். 1965 ரூரின் கண்காட்சியில் உடல் பூட்டாத வெறும் சட்டத்தைத்தான் வைத்தார்கள். அதற்கே வாங்குவோர் வரத் தொடங்கினார்கள். உடலை வடிவமைக்கும் பொறுப்பை பெர்தோனே நிறுவனம் எடுத்தது. வரைந்தவர் மார்செல்லோ கந்தினி, அவருக்கும் இருபத்தேழு வயதுதான். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் செம்மஞ்சள் நிறத்தில் மியூரா வந்து நின்றபோது கண்காட்சியே அதைச் சுற்றி நின்றது. எஞ்சின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னவர்களுக்கு இந்த முறையும் சாக்குப்போக்குத்தான். எஞ்சின் பொருந்துகிறதா என்று பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை, உள்ளே இருந்தது வெறும் பாரம்.

மியூரா 350 குதிரைவலு கொண்டது. மணிக்கு 280 கிலோமீற்றர் போகும் என்று நிறுவனம் சொன்னது. பொன்டியாக் ஜிடிஓ 6.4 லீற்றரில் எடுத்த வலுவைவிடக் கூடுதலாக, மியூரா 3.9 லீற்றரிலேயே எடுத்தது. விலை சுமார் 20,000 டொலர். அன்று வீதிக்கு வந்த கார்களில் அதற்கு இணை இல்லை. ஃபெராரிகூடத் தன் பன்னிரண்டு சிலிண்டர் வீதிக் காரில் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவர எழுபதுகள்வரை எடுத்துக்கொண்டது.

அப்படியானால் சூப்பர் கார் என்றால் என்ன? வேகமும் விலையும் மட்டும் போதாது. பந்தயக் காரின் எலும்புக்கூட்டை எடுத்து, இலக்கத் தகடு பூட்டி வீதியில் விடுவது. வசதியை எல்லாம் அதற்காகப் பலி கொடுப்பது. மியூராவில் தலைக்குப் பின்னால் அரையடி தூரத்தில் எஞ்சின் கத்தும், வெப்பம் உள்ளே வரும், பயணப் பெட்டிக்கு இடம் மிகக் குறைவு. பெற்றோல் தாங்கி முன்னால் இருந்ததால், அது காலியாகக் காலியாக அதிவேகத்தில் மூக்கு லேசாகும். ஸ்போர்ட்ஸ் கார் உங்களை ஓட்டச் சொல்லும். மசில் கார் போட்டிக்குக் கூப்பிடும். சூப்பர் காருக்கு நீங்கள் ஒரு பொருட்டே இல்லை. சூப்பர் கார் எல்லாமே எக்ஸோடிக்தான். எக்ஸோடிக் எல்லாம் சூப்பர் கார் ஆகாது. லம்போர்கினியின் சொந்த 350 ஜிடியே அதற்குச் சாட்சி.

மியூரா ஏறத்தாழ 760தான் செய்யப்பட்டது. நான்கு பேர் இருந்து சொகுசாகப் போகக்கூடிய எஸ்பாடா என்ற கார் 1,217 விற்றது. லம்போர்கினியின் மனதுக்குப் பிடித்த வகையும் அதுதான். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் கேட்காத காரை.

உயரம் நீடிக்கவில்லை. அறுபதுகளின் இறுதியில் இத்தாலியத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் பரவின. தொழிலாளரோடு தொழிலாளராகக் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு நின்ற பழக்கமுள்ள லம்போர்கினிக்குத் தொழிற்சங்கங்களோடு பேசத் தெரியவில்லை. கொஞ்சம் தகப்பன்மாரின் குணம், தன் வீட்டில் தன்னைக் கேள்வி கேட்பதா என்ற கோபம். 1971இல் பொலிவியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு. அந்த அரசு கேட்டிருந்த 5,000 உழவு இயந்திரங்களுக்கான கட்டளை ரத்தானது. உழவு இயந்திரம்தான் கார்த் தொழிற்சாலைக்குச் சோறு போட்டது. அது சரிந்ததும் எல்லாம் சரிந்தது. 1972இல் கார் நிறுவனத்தின் 51 வீதத்தையும், 1974இல் மிகுதியையும் சுவிஸ் நாட்டவர் இருவருக்கு விற்றார். உழவு இயந்திர நிறுவனம் இன்னோர் இத்தாலிய நிறுவனத்துக்குப் போனது.

அவர் போன பிறகு கார் நிறுவனம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1978இல் வங்குரோத்து. பின்னர் மிம்ரான் சகோதரர்கள், பிறகு அமெரிக்காவின் கிரைஸ்லர். 1994இல் இந்தோனேசியாவுக்குப் போனது. வாங்கியவர்களில் ஒருவர் அந்நாட்டின் சர்வாதிகாரி சுகார்த்தோவின் மகன். 1998இல் சுகார்த்தோ ஆட்சி விழுந்த அதே ஆண்டில் ஜேர்மனியின் அவுடி நிறுவனம் அதை வாங்கியது. ஆட்சியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேகக் கார்களுக்கும் உள்ள பாசம் நமக்கும் புதிதில்லை. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் கொழும்பின் நடுவே வீதிகளை மூடி இரவுக் கார்ப் பந்தயம் நடந்தது. அப்போது வன்னியில் பலர் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள்.

ஃபெருச்சோ லம்போர்கினி இத்தாலியின் நடுப்பகுதியில், திராசிமேனோ ஏரிக்கு அருகே பனிக்காலே என்ற இடத்தில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். எந்தத் தோட்டத்து வேலையிலிருந்து சிறுவயதில் நழுவினாரோ அதற்கே திரும்பினார். அவருடைய வைன் ஒன்றுக்கு மியூராவின் இரத்தம் என்று பெயர் வைத்தார். 1993 பெப்ரவரி 20ஆம் திகதி, 76ஆவது வயதில் பெருஜியாவில் காலமானார். மகன் தோனினோ தந்தைக்காக அமைத்த அருங்காட்சியகம் இப்போது பொலோஞாவுக்கு அருகே அர்ஜெலாத்தோவில் இருக்கிறது. மியூராவும் அங்கே நிற்கிறது, கரியோக்காவும் நிற்கிறது.

இவ்வளவையும் கேட்டபிறகு கராஜ்கார ஐயா மியூராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆவியாக்கும் கருவியைப் பற்றித்தான் மறுபடியும் கேட்டார். எஞ்சினின் சூட்டைத்தான் பாவித்தார் என்றேன். அவர் ஒரு பழைய பில்லைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலால், புகைக் குழாயைச் சுற்றிச் செப்புக் குழாய் போகும் விதத்தை வரைந்தார். சுண்ணாகத்தில் ஒரு கேம்பிரிட்ஜுக்கு அப்படித்தான் செய்தார்களாம். செப்புக் குழாய் கிடைக்காத நாட்களில் பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றினார்களாம். வரைந்த பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காத்திருந்த ஓட்டோவுக்குக் கீழே போய்ப் படுத்தார்.